கடன் தீர்ப்பது எதற்காக?

(மானிப்பாயில் நடைபெற்ற கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



மேடையேறினால் மொழியுரிமையையும் நிலவுரிமையையும் பற்றிப் பேசிப் பழகியவர்கள் நாம். எம்மைக் கடனைப் பற்றிப் பேச அழைத்தது ஏன் என்று இக்கூட்டத்தை ஒழுங்கு செய்தவர்களிடம் கேட்டோம். அருகில் நின்ற தாயொருவர் முந்திக்கொண்டு மறுமொழி சொன்னார். "நிலவுரிமை பற்றிப் பேசுகிற நீங்கள், உறுதி எங்கள் பெட்டகத்தில் இல்லாமல் கடன் கொடுத்தவர் வீட்டு அலுமாரியில் இருக்கிற காணியைப் பற்றியும் ஒருநாள் பேச வேண்டாமோ?" என்றார். அந்தக் கேள்விக்கு எம்மிடம் மறுப்பு இல்லை. ஆகவே வந்திருக்கிறோம்.

சிக்கனத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வதற்கு நாம் வரவில்லை. வரவுக்கு மேல் செலவு செய்யலாகாது என்பதை அறியாதவர் இம்மண்டபத்தில் ஒருவரும் இல்லை. கடன்பட்ட வீட்டுப் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். எத்தனையாம் திகதி தவணை, முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்த நகை எந்த வங்கியில் அடைவில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எம்மவர் கணக்கறியாமல் கடனில் கிடக்கவில்லை.

அப்படியானால் ஒரே ஒழுங்கையில், ஏறத்தாழ ஒரே வருவாயோடு வாழும் இரண்டு குடும்பங்களில் ஒன்று மூன்றாண்டுகளில் கடனைத் தீர்த்துவிட, மற்றது கடனுக்கு மேல் கடன்பட்டுக்கொண்டே போவது எவ்வாறு? நோய், விபத்து, பயிரழிவு, வெளிநாட்டு முகவரிடம் ஏமாறிய பணம் ஆகியன ஒரு பகுதிக் காரணம். அவற்றை நாம் மறுக்கவில்லை. மற்றப் பகுதியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். கடனைத் தீர்க்க எழும் மனிதன் எதற்காக எழுகிறான்? அவனை எழுப்பிய காரணம் எது? அந்தக் காரணம் சரியாக வாய்த்த வீட்டில் கடன் தீர்கிறது. பிழையான காரணம் புகுந்த வீட்டில் கடன் வளர்கிறது. நீதிமன்றப் படிகளிலும் கட்சி வேலையாய்ச் சென்ற கிராமங்களிலும் நாம் கண்டது இதுவே.

பிழையான காரணங்களில் முதலாவது வெட்கம். இதைச் சொல்லும்போது சிலர் முகம் சுளிப்பீர்கள். மானமே பெரிதென்று வாழும் யாழ்ப்பாணத்தில், மானத்துக்கு அஞ்சியேனும் ஒருவன் கடனைத் தீர்ப்பான் அல்லவா என்று கேட்பீர்கள். நாம் கண்டது அதுவன்று. வெட்கம் கடனைத் தீர்ப்பதில்லை, கடனை மறைக்கிறது. அயலார் அறியக் கூடாதே என்பதற்காகத் தவணை நாளன்று இன்னொருவரிடம் கைமாற்று வாங்குகிறோம். கைமாற்றைக் கொடுக்கத் தாலிக்கொடியை அடைவு வைக்கிறோம். அடைவை மீட்கச் சீட்டை முன்கூட்டியே கழிவுக்கு எடுக்கிறோம். ஐம்பதினாயிரத்தில் தொடங்கியது ஐந்து லட்சமாகும் வரையில் கணவனுக்கு மனைவி சொல்லவில்லை. மனைவிக்குக் கணவன் சொல்லவில்லை. கடைசியில் அழைப்பாணை வந்த பின்னரே இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அதற்குள் பூப்பு நீராட்டு விழாவுக்குப் பந்தல் போட்டு, படப்பிடிப்புக்காரரையும் அழைத்தாகிவிட்டது. விழா நடத்தாவிட்டால் "அவர்களுக்குக் கையில் இல்லை" என்று ஊர் பேசிவிடுமாம்!

இந்த வெட்கத்துக்கு ஒரு பழைய வேரும் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி எம்மவரின் வழமைகளைத் தொகுத்தார். தேசவழமை என்று நாம் இன்றும் வழங்குவது அதனையே. பெற்றார் பட்ட கடனுக்கு ஆண்மக்கள் பொறுப்பாளிகள் என்றும், தீர்க்கும் வசதி இப்போது இல்லாவிடினும் அந்தப் பொறுப்பு நீங்காது என்றும் அத்தொகுப்பு கூறியது. தகப்பன் பட்ட கடன் மகனின் நெற்றியில் எழுதப்பட்டது போலாயிற்று. அந்த விதி இன்று இல்லை. இறந்தவரின் கடன் அவர் விட்டுச் சென்ற சொத்தைத் தொடருமேயன்றி, மகனின் உழைப்பைத் தொடர்வதில்லை. மகன் பிணை நின்று ஒப்பமிட்டிருந்தால் மட்டுமே அவன் பொறுப்பாளி. இதனை அறியாமல், செத்த வீட்டில் எட்டுச் செலவு முடியும் முன்னரே வந்து நிற்கும் கடன்காரரிடம் புதிய பத்திரத்தில் ஒப்பமிட்டுக் கொடுத்த இளைஞர்கள் உண்டு. சட்டம் விடுவித்தவனை வெட்கம் மீண்டும் கட்டிப் போடுகிறது. ஆகவே, தாய்மார்களே, அந்நேரத்தில் எவர் எதை நீட்டினாலும் ஒப்பமிடாதீர்கள்.

இரண்டாவது பிழையான காரணம் பயம். 2009இல் போர் முடிந்தது. ஏ9 வீதியால் முதலில் வந்தவற்றுள் கடன் கொடுக்கும் நிறுவனங்களும் இருந்தன. வீடிழந்தோம், படகிழந்தோம், மாடிழந்தோம். வாழ்வாதாரம் என்ற பெயரில் கடன் வந்தது. முச்சக்கர வண்டி லீசிங்கில் வந்தது. உந்துருளி லீசிங்கில் வந்தது. பெண்களுக்கோ குழுக்கடன் வந்தது. சிலர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை. ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அதன் விளைவு யாது? தவணை சேகரிக்க வருபவர் படலையில் வந்து குந்தியிருக்கிறார். அவர் போன பின்னர் அயல்வீட்டுப் பெண்கள் வந்து நிற்கிறார்கள். அன்றுவரை அடுப்புக்கு நெருப்புக் கொடுத்தவள், பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள், இன்று கடன் வாங்கியவளைக் காவல் காக்கிறாள். நிறுவனத்துக்குச் செலவில்லாத காவல்!

2018ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் குவான் பப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி இந்நிலைமையை உலகறியச் சொன்னார். சில கடன்களின் ஆண்டு வட்டி 220 வீதம் வரை சென்றதையும், சேகரிக்க வருவோர் பெண்களை இழிவுபடுத்துவதையும் அவர் எடுத்துரைத்தார். அதே ஆண்டில் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடனைப் பெற்றுத் தவணை தவறிய பெண்களுக்கு நிவாரணம் அறிவித்தது. மத்திய வங்கி 35 வீதம் என்ற உச்சவரம்பையும் விதித்தது. நல்லதே. ஆயினும் நிவாரணத்தின் எல்லைக்கு வெளியே நின்றவர்கள் எத்தனை பேர்! ஒரு லட்சத்துக்குச் சற்று மேலே வாங்கியவள், தன் உணவைக் குறைத்துத் தவணை தவறாமல் கட்டியவள், பதிவு செய்யாத ஒருவரிடம் வாங்கியவள் ஆகியோருக்கு அங்கே இடமில்லை. அயல்நாட்டில், ஆந்திரத்தில், 2010ஆம் ஆண்டில் கடனாளிகள் பலர் தற்கொலை செய்துகொண்ட பின்னர் மாநில அரசு ஒக்டோபர் மாதத்தில் அவசரச் சட்டம் பிறப்பித்து நுண்கடன் நிறுவனங்களைத் தடுத்தது. உயிர்கள் போன பின்னரே அங்கும் சட்டம் விழித்தது.

பயம் ஏன் பிழையான காரணம்? பயந்தவன் மிகுதியாய்ச் சத்தமிடும் கடன்காரருக்கே முதலில் கொடுப்பான். மிகுதியாய்ச் சத்தமிடுபவர் மிகுதியாய்ச் சேதம் செய்யக்கூடியவர் அல்லர். உங்கள் காணியின் உறுதியை வைத்திருப்பவர் சத்தமிடவே மாட்டார். அவருக்கு அவசரமில்லை. காலம் அவருக்காக உழைக்கிறது. அவர் திருவிழாவில் உங்களைக் கண்டால் சிரித்து நலம் விசாரிப்பார்! வாரந்தோறும் படலையில் வந்து கத்துபவருக்குக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது காணி கைமாறியிருக்கும்.

பயத்துக்கு மருந்து கணக்கு. ஒரு கணக்கை மட்டும் சொல்லிவிட்டு அப்பால் செல்கிறோம். ஐம்பதினாயிரம் ரூபா கடன். வட்டி "24 வீதம் மட்டும்" என்கிறார்கள். பன்னிரண்டாயிரம் வட்டியைக் கூட்டி அறுபத்தீராயிரமாக்கி, ஐம்பது வாரங்களுக்கு வாரம் 1,240 ரூபா கட்டச் சொல்கிறார்கள். முதல் வாரத்திலிருந்தே நீங்கள் முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். பாதி ஆண்டு கழிந்தபோது ஏறத்தாழப் பாதி முதல் உங்களிடம் இல்லை. ஆயினும் முழு ஐம்பதினாயிரத்துக்கும் முழு ஆண்டுக்கும் வட்டி கட்டுகிறீர்கள். உண்மையில் குறைந்து செல்லும் மீதியின்மேல் கணக்கிட்டால் அந்த வட்டி 45 வீதமளவு ஆகும். பத்திரச் செலவென்றும் காப்புறுதியென்றும் முதலிலேயே கழித்துக்கொண்டால் இன்னும் மேலே போகும். இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் போடலாம். ஆயினும் கணக்கு மட்டும் ஒருவரையும் எழுப்பியதை நாம் கண்டதில்லை.

அப்படியாயின் எழுப்பியது எது? நாம் கண்ட சிலரைப் பெயரின்றிச் சொல்கிறோம்.

ஒருவர் தோட்டக்காரர். மூத்த மகளின் சீதனத்துக்காகத் தந்தை வழிக் காணியில் நான்கு பரப்பை ஒற்றி வைத்தார். ஒற்றியென்றால் இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் படிப்பார்களாயின் அவர்களுக்காகச் சொல்கிறோம். காணியைக் கடன் கொடுத்தவர் ஆள்வார். விளைவு அவருக்கு வட்டி. தேசவழமை இதற்குப் பருவமும் குறித்திருந்தது. பயிர் நிற்கும்போது காணியைப் பிடுங்கவோ விட்டெறியவோ கூடாதென்று, வயலுக்கு ஒரு காலம், மரத்துக்கு ஒரு காலம் என மீட்கும் வேளை வகுக்கப்பட்டிருந்தது. அக்காலத்துக் கடனுக்கும் ஓர் ஒழுங்கு இருந்ததென்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எமது தோட்டக்காரர் பன்னிரண்டு ஆண்டுகள் ஒற்றியை மீட்கவில்லை. வட்டி கட்ட வேண்டியதில்லையே என்று இருந்தார். பின்னர் ஒரு நாள், தம் பாட்டன் வெட்டிய கிணற்றில் தம்முடைய தவணை நாளில் தண்ணீர் இறைக்க இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டி வந்தது. கேட்டார், கிடைத்தது. மறுப்பில்லை, அவமதிப்பில்லை. ஆயினும் அன்று இரவு அவருக்கு நித்திரை வரவில்லையாம். இரண்டு ஆண்டுகளில் மீட்டார். வெங்காயம் விற்ற காசு, மாடு விற்ற காசு, கனடாவிலுள்ள தம்பி அனுப்பிய காசு என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டார். "மீட்காவிட்டால் கிணற்றிலே எனக்கு முகம் தெரியாது" என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

மற்றவர் ஒரு தாய். கணவனைப் போரில் இழந்தவர். நான்கு நிறுவனங்களில் கடன். அவருடைய காரணம் இன்னும் சிறியது. பள்ளிக்கூடத்தால் வரும் மகள், படலையில் உந்துருளி நின்றால் வீட்டுக்குள் வராமல் கோயில் வீதியில் சுற்றித் திரிவாளாம். "என்னுடைய பிள்ளை நேரே வீட்டுக்கு வர வேண்டும்" என்றார். அவ்வளவுதான். தையல் இயந்திரத்தில் இரவு பதினொரு மணிவரை உழைத்தார். புதிதாகக் கடன் தருகிறோமென்று வந்தவர்களைப் படலைக்கு வெளியிலேயே நிறுத்தினார். கடன் முழுவதும் தீர்வதற்கு நான்கு ஆண்டுகள் சென்றன. ஆனால் படலையில் வந்து நின்ற கடனை அவர் முதல் ஆண்டிலேயே தீர்த்தார். கணக்கறிந்தவர்கள், வட்டி கூடிய கடனை முதலில் தீர்ப்பதே முறை என்பார்கள். முறைதான். ஆனால் அந்தத் தாய்க்கு அந்த ஒரு கடன் தீர்ந்ததில் கிடைத்த பலம், மற்ற மூன்றையும் தீர்க்க உதவியது. இதில் நாம் கணக்கறிஞர்களோடு வழக்காட மாட்டோம். ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்வோம். காணி உறுதி ஈடாக நிற்கும் கடன் இருந்தால், வட்டி குறைவாயினும் அதனை வரிசையில் முன்னே வையுங்கள்.

மூன்றாவது மனிதரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் அவர் எமது கட்சிக் கூட்டத்துக்கு வந்தவர். கடைசி வாங்கில் இருந்தார். பேசுவதற்குக் கை உயர்த்துவார்; முன்வரிசையில் இருந்த ஒருவரைக் கண்டதும் கையைத் தாழ்த்திவிடுவார். பிறகு அறிந்தோம்: முன்வரிசைக்காரரிடம் அவருக்குக் கடன். அங்கே யாரும் அவரை அதட்டவில்லை. ஆனால் கடன்பட்டவனின் வாய் தானாகவே மூடிக்கொள்கிறது. கோயில் நிர்வாகத்தில் கணக்குக் கேட்க வேண்டிய இடத்தில் மூடிக்கொள்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் மூடிக்கொள்கிறது. பிரதேச சபைத் தேர்தலில் எவருக்கு வாக்களிப்பது என்று அயலவன் கேட்டால் மூடிக்கொள்கிறது. வாக்குச் சீட்டு இரகசியமானது. கடன் சீட்டு இரகசியமானதன்று. சர்வசன வாக்குரிமை 1931ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்தது. கடனில் முழுகிய ஒருவனுக்கு அது அரைவாசியே வந்தது என்று நாம் சொல்வோம்.

எமது சமூகத்தின் வரலாற்றிலும் இதனைப் படிக்கலாம். இலங்கையில் அடிமைமுறை 1844ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது. ஆனால் குடாநாட்டில் நிலமற்ற மக்களை நிலமுடையோரின் வாசலில் அதன் பின்னரும் நிறுத்தி வைத்தவற்றுள் கடனும் ஒன்று. விதைநெல்லுக்குக் கடன், குடியிருக்கும் மண்ணுக்கு நன்றிக் கடன், கலியாணத்துக்குக் கடன். அந்தக் கடன் தீர வேண்டுமென்று கொடுத்தவர் விரும்பியதில்லை. ஏனெனில் அவருக்கு வேண்டியிருந்தது வட்டியன்று, ஆள். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1960களில் ஆலயக் கதவுகளுக்கு முன்னும் தேநீர்க் கடைகளுக்கு முன்னும் போராட்டம் நடந்தது. 1972 முதல் மரமேறும் தொழிலாளர் தமக்கெனப் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துக் கொண்டனர். கள்ளுத் தவறணையைக் குத்தகைக்கு எடுத்த முதலாளியிடம் முற்பணம் வாங்கி அவருக்கே கள்ளை ஊற்றிய நிலை மாறி, சங்கத்தில் அளந்து ஊற்றி, வருவாயில் ஒரு பங்கைச் சேமிப்பில் விடும் நிலை பிறந்தது. அம்மனிதர் கடனிலிருந்து விடுபட்டது சிக்கனப் பிரசங்கம் கேட்டு அன்று. "இனிக் கைகட்டி நிற்க மாட்டோம்" என்ற காரணம் இருந்தது. அக்காரணத்தைத் தாங்கச் சங்கமும் இருந்தது. காரணம் மட்டும் இருந்து சங்கம் இல்லையேல் மனிதன் களைத்து விழுவான். சங்கம் இருந்து காரணம் இல்லையேல் அது பெயர்ப்பலகையாய் நிற்கும்.

மானிப்பாயில் நின்று சங்கத்தைப் பற்றிப் பேசுபவர் வீரசிங்கம் அவர்களின் பெயரைச் சொல்லாமல் இறங்கலாகாது. யாழ்ப்பாண நகரிலே வீரசிங்கம் மண்டபத்தை அறியாதவர் இல்லை. அந்த வீரசிங்கம் எமது மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராய் இருந்தவர் என்பதை இளைஞர் பலர் அறியார். ஜெர்மனியிலே ரைபைசன் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் உழவர்களை லேவாதேவிக்காரரிடமிருந்து மீட்கத் தொடங்கிய முறை, சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சனின் அறிக்கை வழியாகப் பரவி, 1904இல் இந்தியாவிலும் 1911இல் இலங்கையிலும் சட்டமாயிற்று. ஐக்கிய நாணய சங்கங்கள் என்று எமது பாட்டன்மார் அவற்றை அழைத்தனர். 1929இல் யாழ்ப்பாணத்தில் மத்திய கூட்டுறவு வங்கி எழுந்தது. அயலூராகிய மூளாயிலே 1936இல் கூட்டுறவு மருத்துவமனை எழுந்தது. நோயே கடனுக்கு முதற் கதவு என்பதை அறிந்தவர்கள் அந்தக் கதவுக்குத் தாழிட்ட செயல் அது.

அக்காலத்து நாணய சங்கம் ஒன்றில் கடன் பெறுபவர் எதற்காகக் கடன் என்பதைச் சொல்ல வேண்டும். அயலவர் கேட்பர், ஏற்றால் கொடுப்பர். ஒருவர் தவறினால் எல்லாரும் பொறுப்பு, வரையறையற்ற பொறுப்பு. "அப்படியானால் அதுவும் குழுக்கடன்தானே, இன்றைய நிறுவனம் செய்வதில் என்ன பிழை?" என்று ஓர் இளைஞர் எம்மிடம் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. வேற்றுமை மூன்று இடத்தில் உண்டு. அன்று வட்டியால் வந்த மிகுதி சங்கத்துக்கே சேர்ந்தது. இன்று அது ஊரைவிட்டு வெளியே போகிறது. அன்று அயலவர் கடன் கொடுக்கும் முன்னர் கேள்வி கேட்டனர். இன்று கொடுத்த பின்னர் காவல் நிற்கின்றனர். அன்று கடன் கொடாமல் விடுவதற்கும் சங்கத்துக்கு மனமிருந்தது. இன்றோ மாதத்துக்கு இத்தனை கடன் கொடுத்தேயாக வேண்டுமென்று அலுவலருக்கு இலக்கு வைத்திருக்கிறார்கள். அவரும் பாவம், எம் ஊர்ப் பிள்ளைதான், அவருக்கும் லீசிங்.

எமது சங்கங்கள் பின்னாளில் தளர்ந்தன என்பதையும் மறைக்க மாட்டோம். அரசியல்வாதிகள் புகுந்தனர், போர் வந்து கணக்குப் புத்தகங்களையும் கட்டடங்களையும் அழித்தது, ஒரு சில இடங்களில் கூட்டுறவுக் கடை அரிசி வாங்கும் வரிசையாக மட்டும் எஞ்சியது. ஆயினும் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் பல ஊர்களில் உயிரோடு உள்ளன. அவற்றில் நாம் வேண்டுவது ஒன்று. கடன் எடுக்கும் நோக்கத்தை எழுதும் புத்தகத்துக்கு அருகில், கடன் தீர்க்கும் நோக்கத்தை எழுதும் புத்தகமும் ஒன்று இருக்கட்டும். "மகள் நேரே வீட்டுக்கு வர வேண்டும்" என்பது போல ஒவ்வொருவரும் தம் வாயால் சொல்வது. சங்கத்தார் அதைக் கேட்டால், தவணை தளரும் மாதத்தில் எதை நினைவூட்ட வேண்டுமென்பதை அறிவார்கள். அலுவலர் வந்து மிரட்டுவதைவிட அது வலிமை உடையது.

இனி ஒரு வார்த்தை அரசைப் பற்றி. 2022ஆம் ஆண்டு ஏப்ரில் 12ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னர், இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். அரசின் கடன்காரர் படலையில் வந்து குந்தவில்லை. குழு அமைத்தனர், பேசினர், தவணை நீட்டினர், 2024இல் உடன்பாடு கண்டனர். நாடுகளுக்கு அவ்வாறு செய்வது நியாயமே; எதிர்க்கவில்லை. ஆனால் கோடிக்கணக்கான டொலர் கடன்பட்ட அரசுக்கு, "என்னால் இப்போது இயலாது, என் நிலையைப் பார்த்துத் தவணை தாருங்கள்" என்று சொல்லும் உரிமை உண்டெனில், ஐம்பதினாயிரம் ரூபா கடன்பட்ட தாய்க்கு அந்த வாசகம் ஏன் மறுக்கப்படுகிறது? கடனாளியும் கடன் கொடுத்தவரும் ஒரு நடுவர் முன் அமர்ந்து, வாழ்வதற்கு வேண்டியதை ஒதுக்கிய பின்னர் மீதிக்குத் தவணை வகுக்கும் ஏற்பாடு மாவட்டந்தோறும் வேண்டும். இக்கோரிக்கையை எமது மேடைகள் மொழியுரிமைக்கு அடுத்த வரிசையிலே வைக்க வேண்டும்.

அதுவரை கையில் உள்ள சட்டத்தையாவது பயன்படுத்துங்கள். கடன் கொடுத்தல் பற்றிய 1918ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், வட்டி மட்டுமீறியதாயும் ஒப்பந்தம் கொடுமையானதாயும் இருந்தால் கணக்கைத் திறந்து பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. கைச்சீட்டில் உண்மையாய்க் கைக்கு வந்த தொகை எவ்வளவு, முன்கூட்டிக் கழித்தது எவ்வளவு, வட்டி வீதம் எவ்வளவு என்பவற்றைக் காட்ட வேண்டுமென்றும் அது விதிக்கிறது. ஆகவே வெறுஞ் சீட்டில் ஒப்பமிடாதீர்கள். வட்டி முதலுக்கு மேற்படலாகாது என்ற விதி உரோமன் ஒல்லாந்தச் சட்டத்திலும் இந்திய தரும நூல்களிலும் ஒருங்கே உள்ளது. 1852ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலும் இடம்பெற்றது. தனியாரிடம் வாங்கிய கைச்சீட்டுக் கடனுக்கு அது பெருங் காவல். வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் 1990ஆம் ஆண்டில் தனிச் சட்டங்கள் செய்யப்பட்டன. அவற்றின்கீழ் வழக்கு வந்தால் எதிர்வாதம் செய்வதற்கே நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். நாள் தவறினால் வாய்ப்புத் தவறும். அழைப்பாணையைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைக்காதீர்கள்!

எல்லாவற்றிலும் கொடியது மற்றொன்று. கடனுக்கு ஈடு எழுதாமல், காணியை அறுதியாக விற்றதாக உறுதி முடித்து, "பணம் தந்தால் திருப்பி எழுதித் தருவேன்" என்று வாய்ச்சொல்லாகச் சொல்வது. காணி பற்றிய வாய்ச்சொல் 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன் நிற்காது. நொத்தாரிசு முன் இரு சாட்சிகளோடு முடிக்க வேண்டும். ஆயினும் வழி முற்றாக அடைபடவில்லை. காணியை உண்மையில் விற்கும் எண்ணம் இல்லாமல் கடனுக்காகவே எழுதிக் கொடுத்ததைச் சூழ்நிலைகள் காட்டுமானால், நம்பிக்கைப் பொறுப்புகள் பற்றிய 1917ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவின்கீழ், வாங்கியவர் அதனை உங்களுக்காகவே வைத்திருக்கிறார் என்று நீதிமன்றம் கொள்ளலாம். விலை காணியின் பெறுமதியிலும் மிகக் குறைந்திருந்ததா, உறுதி முடித்த பின்னரும் காணியில் நீங்களே இருந்தீர்களா, வட்டியாகப் பணம் கொடுத்ததற்குச் சான்று உண்டா என்பவற்றை நீதிமன்றம் பார்க்கும். ஆகவே காணியை விட்டு எழும்பாதீர்கள். கொடுத்த ஒவ்வொரு ரூபாவுக்கும் துண்டு வாங்குங்கள்.

கூட்டம் முடிந்ததும் இம்மண்டபத்தின் பக்க அறையில் எம்மோடு வந்த சட்டத்தரணிகள் இருவர் இருப்பார்கள். கட்டணம் இல்லை. பத்திரங்கள், கைச்சீட்டுகள், தவணைப் புத்தகங்கள், அழைப்பாணைகள் எவையிருப்பினும் காட்டலாம். இன்று கொண்டு வராதவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கொண்டு வாருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால் நேரம் மிச்சமாகும். ஒருவருக்குத் தெரியாத கடன் மற்றவருக்குத் தெரிந்திருக்கும். வருவோர் ஒரு கொப்பித் தாளில் தமது கடன்கள் அனைத்தையும் எழுதி வாருங்கள். தாளின் தலைப்பில் எதற்காகத் தீர்க்க விரும்புகிறீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். அந்த வரியை எம்மிடம் காட்ட வேண்டியதில்லை.